பெரியவர் படம்

அந்தப் படத்தைப் பார்த்ததும் நான் செய்த முதல் காரியம் செருப்பைக் கழற்றியதுதான். குளிரூட்டிய அலுவலகம், கண்ணாடி மேசை, எதிரே கண்காட்சிக்குப் பொறுப்பான சீனப் பெண். அவள் ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்து மெல்லிய வெள்ளைத் தாளை விலக்கி, "இவர்தான் நம்முடைய ஓவியர்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே படத்தை என் பக்கம் திருப்பினாள். என் கால்கள் தாமாகவே செருப்பைவிட்டு வெளியே வந்து வெறும் தரையில் நின்றன. அந்த முகத்துக்கு முன்னால் செருப்போடு நின்று எனக்குப் பழக்கமில்லை.

அது எங்கள் வீட்டுப் பெரியவர். டத்தோ கிராமாட் பகுதியில் என் கணவருடைய குடும்பத்து வீட்டில், உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவரில் மாட்டியிருக்கும் அதே படம். கப்பலேறிப் பினாங்குக்கு வந்து, துணிக்கடை வைத்து, அந்த வீட்டைக் கட்டிய கொள்ளுத்தாத்தா. நான் மருமகளாக வந்த அன்று விழுந்து கும்பிட்ட முதல் ஆள் அவர்தான். ஆனால் இந்த மேசைமேல் அவர் நெற்றியில் சந்தனம் இல்லை, குங்குமம் இல்லை, கழுத்தில் மாலை இல்லை. ஒருவர் குளிக்கும்போது தெரியாமல் கதவைத் திறந்துவிட்டதைப் போல எனக்குக் கூசியது.

"உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள் அந்தப் பெண்.

குளிர் அதிகம் என்றேன். வாழ்நாளின் பெரும்பகுதியை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகக் கழித்தவள் நான். வெட்டியவன் வெட்டியதைச் சொல்லும்போது முகம் மாறாமல் மலாயில் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். அன்று எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்தவளைக் கூப்பிட்டு, கண்காட்சிக்கு வருகிறவர்கள் காதில் கருவி மாட்டிக் கேட்கிற விளக்கத்தைத் தமிழில் எழுதி நானே பேசித் தரவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். என் குரல் நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நானும் பெருமையாகத் தலையாட்டிவிட்டு வந்திருந்தேன்.

ஓவியரைப் பற்றிய குறிப்புகளை வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தேன். இருநூறு வருஷத்துக்கு முன்னால், இந்தப் பினாங்குத் தீவில் வெள்ளைக்காரன் கொடியேற்றிய காலத்தில் லண்டனில் வாழ்ந்த மனிதர். குதிரைச் சேணம் தைக்கிறவரின் மகன். சிறுவயதில் சாராயக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை வரைந்திருக்கிறார். பிறகு பெரிய ஓவியர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே முகத்தை முதலாளி வரைவார். கையையும் துணி மடிப்பையும் சரிகையையும் வேலைக்காரர்கள் வரைவார்கள். இவர் பல வருஷம் அடுத்தவன் வரைந்த முகங்களுக்குக் கீழே சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் ரோமாபுரி வரை போய்ப் பழைய சிலைகளைப் பார்த்துப் படித்துத் திரும்பி, தனியாகத் தொழில் தொடங்கினார். பணக்கார வீட்டுப் பெண்கள், அவர்களுடைய நாய்கள், தொப்பை விழுந்த வியாபாரிகள் என்று உருவப்படங்கள் வரைந்து பிழைத்தார். ஆனால் அந்தக் காலத்தில் உருவப்படம் வரைகிறவனுக்குச் சோறு உண்டு, மரியாதை இல்லை. போரையும் அரசர்களையும் பெரிய துணியில் வரைகிறவன்தான் ஓவியன். வரலாற்று ஓவியம் என்று அதற்குப் பெயர்.

அதற்காக அவர் எடுத்துக்கொண்டது நம் ஊர். தென்னிந்தியாவில் ஒரு கோட்டை ஆங்கிலேயரிடம் விழுந்த காட்சியை ஒரு சுவர் அளவுக்கு வரைந்தார். மனிதர் இந்தியாவை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. படைவீரர்கள் பெட்டியில் கொண்டுவந்திருந்த தலைப்பாகையும் சால்வையும் வாளும் அவருக்குக் கிடைத்தன. அவற்றைப் போட்டுக்கொண்டு நிற்க ஒரு இந்தியன் கிடைக்கவில்லை. அதனால் தானே தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டு கண்ணாடி முன்னால் உட்கார்ந்தார். அப்படித் தன்னையே பார்த்து வரைந்த படம் ஒன்றைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்து விற்றார்கள். அதன் பிரதிகள் கப்பலில் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் பினாங்குக்கும் போய் வெள்ளைக்காரர் வீட்டுச் சுவர்களில் தொங்கின. கறுப்பு மையில் அச்சான படம், அதுவும் நிழலில் உட்கார்ந்த முகம். அந்த வெள்ளைக்காரர் நம் நிறத்துக்கு வந்துவிட்டார்.

படித்து முடித்துவிட்டுக் கூடத்துக்குப் போய்ப் பெரியவரின் மாலையைக் கழற்றினேன். ஈரத்துணியால் கண்ணாடியில் காய்ந்திருந்த சந்தனத்தைத் துடைத்தேன். கைபேசியில் எடுத்துவந்த படத்தைப் பக்கத்தில் பிடித்தேன். தலைப்பாகையின் மடிப்பு முதல் காதோரத்து மச்சம் வரை ஒன்றுதான். கீழே அச்சிட்டிருக்க வேண்டிய பெயரைச் சட்டம் போட்டவன் வெட்டி எறிந்திருக்கிறான்.

பெரியவர் இடது கையில் வைத்திருப்பது வெற்றிலைத் தட்டு என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அதனாலேயே ஆடி அமாவாசைப் படையலில் வெற்றிலை குறையவே கூடாது. தட்டோடு சேர்த்துப் பிடித்திருக்கும் குச்சிகள் ஓலையில் கணக்கெழுதும் எழுத்தாணிகள். வலது கையில் இருப்பது கடையில் வேலை செய்கிறவர்களை மிரட்டும் பிரம்பு. மீசை இல்லாதது பழனிக்கு நேர்ந்துகொண்டதால். இப்போது பார்த்தால் தட்டு, வண்ணம் குழைக்கும் பலகை. எழுத்தாணிகள், தூரிகைகள். பிரம்பு, வரையும்போது கை நடுங்காமல் ஊன்றிக்கொள்ளும் கோல். மீசை, அந்தக் காலத்து லண்டனில் யாருக்கும் கிடையாது. பழனியாண்டவருக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மனிதர் கைபேசியையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப இத்தன வருசமா வெள்ளக்காரனுக்கா வடை சுட்டோம்?"

"வடை மட்டுமா? பாயாசமும்தான்."

"இது எப்படி லா நடக்கும்? பெரியவர் படம் பெரியவர் படம்னு எங்கப்பா சொல்லுவாரு, அவங்கப்பா சொல்லுவாரு. எல்லாருமா பொய் சொன்னாங்க?"

எனக்குச் சுரீரென்றது. யாரும் பொய் சொல்லவில்லை. சாட்சிக் கூண்டில் ஒருவர் 'பெரியவர் படம்' என்றால் நான் அங்கேயே நிறுத்திக் கேட்டிருப்பேன்: பெரியவரை வரைந்த படமா, பெரியவர் வாங்கி வைத்திருந்த படமா? நீதிமன்றப் பதிவில் எழுதவேண்டும் என்றால் இரண்டில் ஒன்றை முடிவு செய்யாமல் வாக்கியமே நகராது. வீட்டுப் பேச்சில் மட்டும் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஊருக்குத் திரும்பிய ஏதோ ஒரு துரை வீட்டுச் சாமான்களோடு பெரியவர் அதை வாங்கியிருப்பார். அது அவருடைய படம். அவர் போன பிறகு, அவரைப் பார்த்திராதவர்கள் காதில் அது அவரே ஆகிவிட்டது. மொழிபெயர்த்தே வயிறு வளர்த்தவள் தினமும் அந்தச் சொல்லைச் சொல்லிக் கற்பூரம் காட்டியிருக்கிறேன்.

"அக்காகிட்ட சொல்லிடாத," என்றார் என் கணவர். "உசுரே போயிடும்." கோயிலுக்குப் போயிருந்த அக்கா திரும்புவதற்குள் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலையை மாட்டிவிட்டேன்.

அக்கா என்றால் அவருடைய மூத்த சகோதரி, என் நாத்தனார். எழுபதை நெருங்குகிறவர். கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருக்கிறார். பெரியவருக்குக் காலையில் பூவும் மாலையில் விளக்கும் அவர் கையால்தான். அவருக்குக் கல்யாணம் ஆகாததற்கும் அந்தப் படத்துக்கும் தொடர்பு உண்டு. இளவயதில் தைப்பிங்கிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், திரும்பிப் போகும்போது கார் கதவைச் சாத்துவதற்கு முன்பே, "பொண்ணுக்கு ஆம்பள மூக்கு" என்று பேசிச் சிரித்திருக்கிறார்கள். அது உள்ளே வரை கேட்டது. அழுத மகளை அப்பா கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பெரியவர் முன்னால் நிறுத்தினாராம். "பாரு. இந்த வீட்டைக் கட்டுனவரோட மூக்கு. இத்தன பேருல உனக்கு மட்டும்தான் வந்திருக்கு. இத வேணாங்கிறவன் நமக்கு வேணாம்." அதற்குப் பிறகு அந்த வீட்டில் பெண் பார்க்கும் பேச்சே எழவில்லை. அக்காவே இதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார், பெருமையாகத்தான் சொல்வார். ஆனால் அந்தப் பெருமை வீட்டு வாசலோடு சரி. எந்தப் புகைப்படத்திலும் அவர் நேராகவே பார்ப்பார். கல்யாண வீட்டில் வீடியோ எடுக்கிறவன் பக்கவாட்டில் வந்தால் முந்தானை மூக்குக்கு ஏறிவிடும்.

அவருடைய வாழ்க்கை மொத்தமும் அந்த மூக்கின்மேல் நிற்கிறது. அதை எப்படி நான் போய்த் தட்டிவிடுவேன்? அந்தப் படத்தை மட்டும் கண்காட்சியில் வைக்காமல் விடலாமா என்று சீனப் பெண்ணிடம் கேட்டுப் பார்த்தேன். அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "அதுதானே முக்கியமான படம். பதாகைகூட அதை வைத்துத்தான் அடித்திருக்கிறோம்" என்றாள்.

பதாகை என்ன செய்யும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. இரண்டொரு நாளில் பசாருக்குப் போன அக்கா, காய்கறிப் பையை வாசலிலேயே போட்டுவிட்டு மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"ரோட்டுல மாட்டியிருக்கான் லா நம்ம பெரியவர! ட்ராபிக் லைட்டு கிட்ட, கம்பத்துக்குக் கம்பம்! கவர்மெண்டுக்கு இப்பதான் புத்தி வந்திருக்கு!"

நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"என்னா ரெண்டு பேரும் மரம் மாதிரி நிக்கிறீங்க? பூக்கார அக்காகிட்ட சொன்னேன், எங்க பெரியவருன்னு. அந்தம்மா ஒரு மொழம் மல்லிய சும்மாவே குடுத்துச்சி. கம்பத்துல கட்டிட்டு வந்திருக்கேன். கீழ ஒரு பேரு போட்டிருக்கான், ஆர்ட்டிஸ்ட்டுன்னு. வரைஞ்சவன் பேரு போல."

 கம்பத்தில் பூக்கட்டியாயிற்று; இனிப் பூக்காரியிடமிருந்து கோயிலுக்குப் போகும், கோயிலிலிருந்து ஊருக்குப் போகும். யாராவது படித்தவர்கள் சிரித்துக்கொண்டே அவர் முகத்துக்கு நேராகச் சொல்வார்கள். மறுபடியும் ஒரு கார் கதவுக்குப் பக்கத்திலிருந்து அவர் அதைக் கேட்கவேண்டுமா?

"அக்கா, உக்காருங்க," என்றேன். "அது வரைஞ்சவர் பேருதான். அந்தப் படத்துல இருக்கிறவரும் அவருதான்."

"என்னா ஒளர்ற?"

சொன்னேன். தலைப்பாகை, கண்ணாடி, செப்புத் தகடு, கப்பல் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று மொழியில் தடுக்காமல் பேசுகிறவள் சொந்த மொழியில் தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். என் கணவர் இடையில், "விடு லா, விடு லா" என்றுகொண்டே இருந்தார். அக்கா சுவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவருடைய கை மெதுவாக மூக்குக்குப் போனது.

"அப்ப இது யாருது?"

 அவர் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார். அன்று மாலை பெரியவருக்கு விளக்கு ஏற்றவில்லை. நான் அந்த வீட்டுக்கு வந்த நாளாக விளக்கில்லாத மாலையைப் பார்த்ததில்லை. என் கணவர் என்னோடு பேசவில்லை. எனக்கு இறந்துபோன மாமனார்மேல் கோபம் கோபமாக வந்தது. சரியாகக் காதில் வாங்காத ஒரு சொல்லை வைத்து ஒரு பெண்ணை இப்படி ஆயுள் முழுக்க உட்காரவைத்துவிட்டாரே. அவருக்கும் தெரியாது என்பது எனக்கு ஆறுதலாகவே இல்லை.

கண்காட்சி திறந்த வாரத்தில் அக்கா தானாகவே வந்து, "என்னக் கூட்டிட்டுப் போ. ஒன் கொரல கேக்கணும்," என்றார்.

பீச் ஸ்திரீட் பக்கத்தில் பழைய கிடங்கு ஒன்றைப் புதுப்பித்து அங்கே வைத்திருந்தார்கள். காதில் கருவியை மாட்டிவிட்டேன். அவர் ஒவ்வொரு படமாக நின்று நின்று பார்த்தார். நான் பின்னால் நடந்தேன். அவர் நிற்கிற இடத்தை வைத்தே என்னுடைய எந்த வாக்கியம் அவர் காதில் ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்தது. சேணக்காரர் மகன். பெயர்ப்பலகை. அடுத்தவன் முகத்துக்குச் சட்டை வரைந்த வருஷங்கள். நாயோடு உட்கார்ந்த பணக்காரப் பெண்.

கோட்டைப் படத்துக்கு முன்னால் வந்ததும் கருவியைக் கழற்றினார். அந்தப் பெரிய ஓவியம் இப்போது இல்லை. ஒரு காலத்தில் ஊரே டிக்கெட் வாங்கி வரிசையில் நின்று பார்த்ததாம். மோகம் தீர்ந்ததும் சுருட்டி எங்கோ போட்டு, ஈரத்தில் மக்கிப் போய்விட்டது. அதைப் பார்த்து எடுத்த சிறிய அச்சுப்படம்தான் மிச்சம். ஓவியரும் கடைசிக் காலத்தில் கண் மங்கி, திரும்ப உருவப்படம் வரைந்தே காலத்தை ஓட்டி இறந்துபோனார்.

"சாவிய நீட்டுறானே மந்திரி, அது பெரியவர் மூஞ்சிதான?" என்றார் அக்கா.

"ஆமாக்கா."

"வாள் வச்சிருக்கிறவனும்."

"ஆமா."

"இங்க பாரு, வாசல்ல செத்துக் கெடக்கிறவனும் இவருதான்!"

நான் அதைக் கவனித்திருக்கவில்லை. குனிந்து பார்த்தேன். கண்மூடிக் கிடக்கும் அந்தச் சிப்பாயும் அதே முகம்தான். 

"ஆளு கெடைக்காம எல்லாத்துக்கும் தன் மூஞ்சியவே ஒட்டிட்டாரு," என்றார் அக்கா. "அவருக்கு நம்ம மூஞ்சி கெடைக்கல. நமக்கு அவரு மூஞ்சி கெடச்சிருச்சி." சிரிப்பு வந்தது அவருக்கு. ஆனால் முகத்தில் தங்கவில்லை.

அடுத்து அந்தப் படம். பொட்டில்லாத பெரியவர், நல்ல வெளிச்சத்தில், கையில் பலகையும் தூரிகையுமாக. முக்கால்வாசி திரும்பி உட்கார்ந்திருப்பதால் மூக்கு தெளிவாகத் தெரிந்தது. அக்கா வெகுநேரம் நின்றார். படத்தின் கண்ணாடியில் அவருடைய முகமும் தெரிந்தது. தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கழற்றி வைத்திருந்த மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இங்க வா," என்றார். "நல்லா பாத்து சொல்லு. என் மூக்கு இப்படியா இருக்கு?"

பார்த்தேன். படத்தில் இருந்தவருடைய மூக்கு மெல்லியது, நீளம், நுனியில் கீழே வளைந்தது. அக்காவுடையது அகலமான தண்டு, நேராக இறங்கி நுனியில் சற்றே தூக்கி நிற்கும். இரண்டுக்கும் ஒரு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இவ்வளவு காலம் அந்த வீட்டில் இரண்டையும் தினமும் பார்த்திருக்கிறேன். ஒன்றுதான் என்று சொன்னார்கள், ஒன்றாகத் தெரிந்தது. ஓவியரின் கதை தெரிந்தபோதுகூட நான் இப்படி அதிரவில்லை.

"இல்லக்கா," என்றேன். "கொஞ்சம்கூட இல்ல."

அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். "எங்கப்பா என் மூஞ்சியப் பாக்கவே இல்ல, தெரியுமா? அன்னைக்குப் படத்தப் பாத்துக்கிட்டேதான் பேசுனாரு. நான் அவரையே பாத்துக்கிட்டு நின்னேன்."

 அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் பிடிக்கவிட்டார்.

எங்களை அழைத்துப்போக வந்திருந்த என் கணவர்தான் காரை ஓட்டினார். படத்தை என்ன செய்வது என்று அவரே பேச்செடுத்தார். இறக்கிவிடலாம், அக்கரையில் பத்து காவான் ஊரில் இருக்கும் எங்கள் மகன் வீட்டு ஸ்டோரில் வைத்துவிடலாம் என்றார்.

"எறக்க வேணாம்," என்றார் அக்கா பின்னாலிருந்து. "பாவம், இத்தன நாளு நம்ம கூட இருந்துட்டாரு. பக்கத்துல இன்னொரு ஆணி அடி. என் படத்த மாட்டணும்."

"உயிரோட இருக்கிறவங்க படத்த அந்தச் சுவத்துல மாட்டக்கூடாதுக்கா!"

"மாலையா போடச் சொன்னேன்? நான் என்ன செத்தா போயிட்டேன்? காடிய நிறுத்து. அதோ போட்டோ கடை."

போட்டோ கடைக்காரர் எங்களுக்குத் தெரிந்தவர்தான், தமிழ் முஸ்லிம். "ஐசிக்கா அக்கா?" என்று, அடையாள அட்டைக்கான படம் என நினைத்துக் கேட்டுக்கொண்டே நீலத்திரையை இறக்கினார்.

"இல்ல தம்பி, சுவத்துல மாட்ட. பெருசா வேணும்."

முக்காலியில் உட்கார்ந்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். கடைக்காரர் விளக்குகளைச் சரிசெய்து கேமராவுக்குப் பின்னால் குனிந்தபோது, அக்கா முகத்தை மெதுவாகப் பக்கவாட்டில் திருப்பினார். 

"நேரா பாருங்கக்கா," என்றார் கடைக்காரர். "சைடுல பாத்தா, இந்த மூக்கு கொஞ்சம்..." சொல்லவந்ததை முடிக்காமல் என்னைப் பார்த்தார்.

அக்கா அசையவில்லை.

"மூக்கத்தான் எடுக்கச் சொல்றேன், தம்பி. எடு."